உள்ளே கிடக்கும் கொக்கி

எழுத வேண்டியது பத்து வரிகூட இல்லை. அதற்குப் போய் கொம்பையா ஒன்பதே காலிலிருந்து பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். மாவட்ட ஆயுதப்படையின் ஆயுத அறையில் அவர் ஆர்மரர் ஏட்டு. பத்தொன்பது வருஷமாகத் துப்பாக்கிகளைத் திறந்து, துடைத்து, பழுது பார்த்து, திரும்ப மூடிக்கொண்டிருப்பவர். மேஜைமேல் துணி விரித்து அந்தப் பழைய பிஸ்டலைப் பிரித்துப் போட்டிருந்தார். அரக்கு முத்திரை உடைத்த பொட்டலம் ஓரமாகக் கிடந்தது. பதினொரு மணிக்கு டி.எஸ்.பி. வருவார். வந்ததும் கேட்கப் போவது ஒன்றே ஒன்று: பிஸ்டல் கெட்டுப்போயிருந்ததா, இல்லை வைத்திருந்தவர் கெடுத்தாரா? எட்டு நாளைக்கு முன்னால், ஒரு செங்கல் சூளைக்குப் பின்புறம், தேடப்பட்டுவந்த ஒருவன் அரிவாளோடு பாய்ந்தபோது எஸ்.ஐ. தங்கபுஷ்பம் வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டார். அது வெடித்தது. அடுத்ததற்கு விசையை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. வெடித்த தோட்டாவின் காலிக் கூடு வெளியே வந்து விழாமல் உள்ளேயே தங்கிவிட்டது. அதன் முதுகில் அடுத்த தோட்டா போய் முட்டிக்கொண்டு நின்றது. அவர் பிஸ்டலின் மேல்பாகத்தை, அந்த ஸ்லைடை, இழுத்து இழுத்துப் பார்த்த இரண்டு மூன்று நொடியில், குறுக்கே கையை நீட்டிய கான்ஸ்டபிள் பால்துரைக்கு இரண்டு விரல் போய்விட்டது. வலது கையில். பால்துரை இப்போது பெரியாஸ்பத்திரியில் இருக்கிறான். தங்கபுஷ்பத்தின் சஸ்பென்ஷன் உத்தரவு தட்டச்சாகி, தேதி போடாமல் காத்திருப்பதாகக் காற்றுவாக்கில் பேச்சு. தேதி போடுவதும் கிழித்துப் போடுவதும் கொம்பையாவின் பத்து வரியில் இருந்தது. அவருக்கோ முதல் வரிக்கே வார்த்தை வரவில்லை.

கொக்கிதான் காரணம், அதில் சந்தேகமே இல்லை. பொட்டலத்தைப் பிரித்த மறு நிமிஷமே தெரிந்துவிட்டது. வெடித்த கூட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவதற்கென்று ஒவ்வொரு பிஸ்டலிலும் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் என்று புத்தகத்தில் இருக்கும். ஆயுத அறையில் அது வெறும் கொக்கி. அந்தக் கொக்கியில் இரண்டு ஜாதி. புது பிஸ்டல்கள் இருபத்துநாலிலும் கொக்கி வெளியே தெரியும். ஸ்லைடின் பக்கவாட்டில் ஒரு குட்டை நகம், அதைத் தாங்க ஒரு ஊசி, முதுகுக்குப் பின்னால் ஒரு சுருள் வில். துணி உலர்த்தும் கிளிப் மாதிரி. எதையாவது கடிக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்கும், கடிக்கும், மூடும். கெட்டுப்போனால் வில்லை மாற்றினால் தீர்ந்தது, சின்னப் பிள்ளைகூட செய்துவிடலாம். பழசு ஐந்திலும் அப்படி இல்லை. கொக்கி உள்ளே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரே எஃகுத் துண்டு, ஒரு பொந்துக்குள் படுத்துக் கிடக்கும். அதற்கு வில் கிடையாது. தன் வளைவுதான் அதற்குப் பலம், அவர் மனைவி ஆவுடையின் கொண்டை ஊசிக்கு இருப்பது போல. அந்த வளைவு ஒரு மயிரிழை கூடினால் தோட்டா ஏறாது, ஒரு மயிரிழை குறைந்தால் பிடி விட்டுப்போகும். அளவுகோல் வைத்துச் சொல்லவும் முடியாது. வெளியே எடுத்து, அதே பொந்தில் பாதி செருகி, கையால் கொஞ்சம் நெளித்து, மாட்டி, ஒரு தோட்டாவைக் கொக்கியில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். விழாமல் ஆடினால் சரி. இந்த நெளிப்பு கொம்பையாவுக்குக் கைவந்த சங்கதி. பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் கொண்டுவருவார்கள். அதனாலேயே அவருக்குப் பழசுகள்மேல் தனிப் பிரியம். வெளிக் கொக்கி எவன் கைக்கும் அடங்கும். உள்கொக்கி தனக்குத்தான் அடங்கும் என்று ஒரு மிதப்பு, வெளியே சொன்னதில்லை. வெளியே சொல்லாமலே வைத்திருப்பது அவருக்குப் புதுசா என்ன. ஆவுடை கத்த வேண்டியதைக் கத்திவிட்டு ஐந்தாவது நிமிஷம் காபியோடு வந்து நிற்பாள். இவரோ, தம்பி தன் பெண்ணின் சடங்கு வீட்டில் மாலை மரியாதையை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்பதற்காக எட்டு மாதம் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோபத்தையும் காட்டாமல், அவன் வந்தால் சிரித்து, போனால் சாப்பிடாமல் படுத்து, கடைசியில் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கித் தின்ற மனுஷர். "ஒரு வார்த்தை கேட்டுத் தொலைக்க வேண்டியதானே" என்று ஆவுடை தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம்தான்.

பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தார். நாலாவது தடவை. கொக்கியின் உதட்டில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. பெயர்ந்தது பெயர்ந்ததுதான், அதில் ஒன்றும் மர்மம் இல்லை. அந்தப் பெயர்ப்பு படிப்படியாக இருந்ததுதான் அவரைப் பேனா மூடியோடு விளையாட வைத்தது. ஒரே அடியில் உடைந்தது பளபளவென்று ஒரே முகமாக இருக்கும். இதில் ஓரத்தில் பழைய சிராய்ப்புகள் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தன. அதற்கு உள்ளே கொஞ்சம் மங்கல். கடைசியில் ஒரே ஒரு துளி மட்டும் புத்தம் புதுசாக மின்னியது. வளைவும் போயிருந்தது. தோட்டாவைத் தொங்கவிட்டால் ஒரு ஆட்டுக்கே துணியில் விழுந்தது. உள்கொக்கி இப்படிக் கெடுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. பிடிக்குள் இருக்கும் மேகசினிலிருந்து மேலே ஏறும் தோட்டா, கீழேயிருந்து வந்து, கொக்கியின் வாய்க்குள் தானாகப் புகுந்துகொள்ளும். அப்படித்தான் அது ஏற வேண்டும். அதை விட்டுவிட்டு, யாராவது தோட்டாவைக் கையால் எடுத்து நேராகக் குழலின் அடிக்குழியில், சேம்பரில், போட்டு ஸ்லைடை விட்டால், கொக்கி அந்த விளிம்பின் தலைமேல் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கும். வெளிக் கொக்கி வாயைத் திறந்து குதித்துவிடும். உள்கொக்கிக்குப் பொந்துக்குள் அசைய இடம் ஏது? உதடு பெயரும், வளைவு செத்துப்போகும். இதைக் கொம்பையா ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்லுவார். சாக்பீஸால் கொக்கி வரைந்து, "நேரா போடாதீங்க, போடாதீங்க, பழசுல போடவே போடாதீங்க" என்று மூன்று தடவை சொல்லுவார். பின்வரிசையில் யாராவது தூங்குவார்கள். தங்கபுஷ்பம் தூங்கவில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் அந்தக் கொக்கியையே வரைந்துகொண்டிருந்தார். அவராக இருக்குமா? வரைந்தவர்கள்தான் மறப்பார்கள். தலை கனத்தது. விடிவதற்கு முன்னாலேயே எழுந்தாகிவிட்டது இன்றைக்கு. புதுசு இருபத்துநாலும் வருடாந்திரச் சுடுதல் பயிற்சிக்கு மலையடிவாரத்துக்குப் போய்விட்டன. தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குப் பழசுதான் மிச்சம். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, கொடுத்து, கையெழுத்து வாங்கி முடிக்க ஆறு மணி. அந்த டக், டக் சத்தம் இன்னும் காதிலேயே நிற்கிறது. அப்புறம் குடித்த காபி புளிப்பேறி நெஞ்சில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய் பால்துரையைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஏனோ எட்டு நாளாகப் போகவில்லை. ஏன் போகவில்லை?

"ஏட்டையா, உள்ள வரலாமா?" என்று குரல் கேட்டது. தங்கபுஷ்பம்தான். சீருடையில் இல்லை; சாதாரணப் பருத்திச் சேலையில் பார்க்க, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தார். கொம்பையா எழுந்து, எழுந்த வேகத்தில் பூதக்கண்ணாடியைத் துணிக்கு அடியில் தள்ளினார். எதற்காகத் தள்ளினார் என்று அவருக்கே தெரியாது.

"வாங்கம்மா. உக்காருங்க."

"உக்கார வரல. டி.எஸ்.பி. அய்யா வர்றதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன்." அவர் பார்வை மேஜைமேல் பிரிந்து கிடந்த பிஸ்டலில் பட்டு விலகியது. "அன்னைக்கு ஜீப்புல போகும்போது மேகசினை நிறைச்சுட்டு, தனியா ஒரு தோட்டாவை எடுத்து நேரா சேம்பர்ல போட்டு மூடுனேன். ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்னு. நீங்க வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னிய. நோட்டுல வரைஞ்சுல்லாம் வச்சிருக்கேன். அந்த நேரத்துல எல்லாம் மறந்துபோச்சு."

கொம்பையா கேட்டார்: "ஒரு தடவையாம்மா?"

"ஒரே ஒரு தடவைதான். மூடும்போது கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. கட்டைவிரலால அழுத்துனேன். டக்குனு சத்தம் வந்துச்சு. அப்பவாவது யோசிச்சிருக்கணும்." கைக்குட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "தெனமும் ஆஸ்பத்திரிக்குப் போறேன். பால்துரை அண்ணன் சிரிச்சுக்கிட்டே பேசுறாவ. அவிய வீட்டு அக்காதான் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்காவ. நான் இருக்கிற வரைக்கும் செவுத்தையே பாத்துட்டு நிக்காவ. நீங்க எழுதிருங்க ஏட்டையா. நான் மறைக்கப் போறதில்ல. எழுத்துலயும் குடுக்கேன்."

"வேல போயிருமேம்மா."

"போகட்டும்" என்று உடனே சொன்னார். பிறகு, "போகக் கூடாதுன்னுதான் இருக்கு. ஆனா என்ன செய்ய?" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "உங்களுக்குத்தான் சிரமம் குடுத்துட்டேன். உங்க பிஸ்டலைக் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்க பிஸ்டல். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்.

அவர் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கொம்பையாவுக்கு மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது; இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இறங்கியது. குற்றவாளியே வாயால் ஒப்புக்கொண்டாகிவிட்டது, எழுத்திலும் தரப்போகிறார். இனி யாருக்கு என்ன? பேனா மூடி தானாகக் கழன்றது. முதல் வரி வந்தது, இரண்டாவது வந்தது, கையெழுத்துகூட முத்து முத்தாக விழுந்தது. "மேற்படி ஆயுதத்தில் தோட்டாவினை மேகசின் வழியாக ஏற்றாமல் நேரடியாக சேம்பரில் இட்டு மூடிய காரணத்தால்" என்று எழுதிக்கொண்டு வந்தவர், மூடும்போது எந்த இடத்தில் இறுக்கம் வரும் என்பதையும் இரண்டு வார்த்தை எழுதினால் அறிக்கைக்கு எடுப்பாக இருக்குமே என்று நினைத்து, பிஸ்டலைச் சேர்த்து மாட்டினார். மாட்டி முடித்ததும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை அவர் நினைக்கக்கூட இல்லை, பத்தொன்பது வருஷத்துக் கை அது, தன்பாட்டுக்குப் போனது. டிராயரிலிருந்து பித்தளை டம்மித் தோட்டாவை எடுத்தது. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டியது. டம்மியை நேராக சேம்பரில் போட்டது. விட்டது. ஸ்லைடு ஒரு நூல் அளவு மூடாமல் நின்றது. கட்டைவிரல் செல்லமாக ஒரு தட்டுத் தட்டியது. டக்.

கொம்பையா தன் கட்டைவிரலைப் பார்த்தார். சுவரில் மின்விசிறி கிறீச்சிட்டது. காகிதத்தில் "மூடிய காரணத்தால்" என்ற இடத்தில் மை இன்னும் காயவில்லை. விடியற்காலையில் அடுக்கிவைத்துக் கேட்ட டக் இதுதான். போன வாரம் கேட்டது இதுதான், போன மாதம் கேட்டதும் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் புதுசுகள் வந்தபோது ஆரம்பித்தது. புதுசில் டம்மியை நேராகப் போட்டுப் பார்த்தால் தப்பில்லை, வெளிக் கொக்கி தாங்கும். மேகசினில் டம்மியை ஏற்றி இறக்குவதைவிடச் சீக்கிரம் வேலை முடியும். இருபத்துநாலையும் மேஜையில் அடுக்கி, ஒரே டம்மியை வைத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து போட்டுக்கொண்டே வருவார், வரிசையின் கடைசியில் பழசு ஐந்தும் இருக்கும், கை நிற்காது. பழசு வந்ததும் நிறுத்த வேண்டும் என்று ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றியிருக்கும். டம்மிதானே என்று தோன்றியிருக்கும். நமக்குத் தெரியாததா என்றும் தோன்றியிருக்கும். விதியெல்லாம் தெரியாதவர்களுக்கு, தெரிந்தவனுக்கு எதற்கு? ஸ்லைடு ஒரு நூல் மூடாமல் நிற்கும்போதெல்லாம், பாவம் கிழடாகிவிட்டது என்று கட்டைவிரலால் தட்டியிருக்கிறார். கொக்கி அப்போதுதான் விளிம்பின்மேல் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது, உதடு பெயரப் பெயர. அதன்பிறகு ஸ்லைடை மெல்ல இழுப்பார், டம்மி வெளியே வந்து விழும், "சரி" என்று எழுதுவார். விழாமல் என்ன செய்யும்? குளிர்ந்த குழியில் கிடக்கிற டம்மியை அரைப்பல்லுள்ள கொக்கிகூட இழுத்துப் போட்டுவிடும். வெடித்த கூடு அப்படியில்லை. சூட்டில் உப்பிச் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதை இழுக்கத் தெம்பு வேண்டும். பழசுகளைச் சுட்டுப் பார்த்துத்தான் வருஷக்கணக்காகிறதே. பயிற்சிக்குப் போவதெல்லாம் புதுசு, பழசுக்கு இடுப்பில் தொங்குவதுதான் வேலை. ஆக, கெடுத்ததும் அவர் சோதனைதான், சரி என்று சொன்னதும் அவர் சோதனைதான். தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

அந்த அம்மாவும் ஒரு தடவை போட்டிருக்கிறாள் அல்லவா, என்று மனசு உடனே ஆரம்பித்தது. கடைசியாக மின்னுகிற அந்தத் துளி அவளுடையதாக இருக்கலாம். மற்றதெல்லாம்? கறுத்துப்போனது, மங்கியது, அதெல்லாம்? யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? டி.எஸ்.பி.க்கு உள்கொக்கியும் ஒன்றுதான், வெளிக்கொக்கியும் ஒன்றுதான். அவளே எழுதித் தருகிறாள். கேட்காமலே தருகிறாள். நான் என்ன அவளைச் சொல்லச் சொன்னேனா? இல்லையென்றால் யார்மேலும் போடாமல் "உலோகத் தேய்மானம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால்? அவளும் தப்பித்தாள், நானும் தப்பித்தேன், இரும்பு தேய்ந்தது, இரும்பைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கப்போவதில்லை. ஆகா, எவ்வளவு சுலபம். ஆனால் அவள் எழுதிக் கொடுத்துவிட்டால் தேய்மானம் எடுபடாது, அவள் எழுதாமலிருக்க வேண்டுமென்றால் நான் போய், "எழுதாதீங்கம்மா, உங்கமேல தப்பில்ல" என்று சொல்ல வேண்டும், சொன்னால் "பின்ன யார்மேல?" என்று கேட்பாள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இரும்புமேல் என்று சொல்ல முடியுமா? சாக்பீஸால் நான் வரைந்த கொக்கி அவள் நோட்டில் இருக்கிறது. "போடாதீங்க, போடாதீங்க." பின்வரிசையில் தூங்கினவன் புண்ணியவான். பால்துரையைப் போய்ப் பார்க்காததற்குக் காரணம் இப்போது தெரிந்தது: எட்டு நாளாக உள்ளே ஏதோ ஒன்றுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, அவருக்குத்தான் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதற்குப் பேர்போன மனுஷராயிற்றே. ஆவுடையிடம் என்ன சொல்வது? கொம்பையா கை வைத்தால் சரியாக இருக்கும் என்று பக்கத்து மாவட்டத்து ஆர்மரர்கள் சொல்வார்களே, அவர்களிடம்? இந்தப் பெயரைத் தவிர அவரிடம் பெருமைப்பட என்ன இருக்கிறது? படிப்பா, பதவியா, நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசுகிற சாமர்த்தியமா? ஒன்றும் கிடையாது. கைதான். அந்தக் கை பால்துரையின் இரண்டு விரலை எடுத்துவிட்டது. கொம்பையாவுக்கு அழுகை வந்தது. அழவும் செய்தார், கொஞ்ச நேரம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைப் பார்த்தபடி.

எத்தனை தடவை என்றாவது தெரிய வேண்டும் போல் இருந்தது. புண்ணை நோண்டுகிற புத்திதான், வேறென்ன. ஒவ்வொரு தடவை வெளியே கொடுக்கும்போதும் ஒரு சோதனை, திரும்பி வரும்போது ஒரு சோதனை. இந்த ஒரு பிஸ்டல் எத்தனை தடவை வெளியே போயிருக்கிறது? வழங்கல் பதிவேட்டை இழுத்துப் பழைய பிஸ்டல்களின் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்று. பதினாறு. இருபத்திரண்டு. விரல் பக்கத்தின் அடிக்கு வந்தது. இன்றைய தேதி. காலை ஐந்து ஐம்பது. நாலு வரி, நாலு எண், நாலு பெயர், தேர்த் திருவிழா பந்தோபஸ்து. ஒவ்வொன்றின் எதிரிலும் "சோதிக்கப்பட்டது, சரி" என்று அவருடைய கையெழுத்து.

நாலு. ஐந்தில் ஒன்று மேஜைமேல் கிடக்கிறது. மிச்சம் நாலும் தேரடியில் நாலு பேர் இடுப்பில் தொங்குகின்றன. கொம்பையா கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. ஒன்பதே காலிலிருந்து இங்கே உட்கார்ந்து, நான் தப்பித்தேனா, நான் மாட்டினேனா, என் பெயர் என்னாகும், என் கை என்னாகும் என்று நான், நான், நான் என்றே இவ்வளவு நேரத்தையும் கடத்தியிருக்கிறார். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அங்கே நாலு பேர் லட்சம் ஜனத்துக்கு நடுவில், ஒரு தடவை மட்டுமே வெடிக்கக்கூடிய சாமானைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தைரியமாக நின்றுகொண்டிருக்கிறார்கள். போன வருஷம் வடம் பிடிப்பதில் தகராறாகி அரிவாள் வெளியே வந்த ஊர் அது. இதை நினைத்தபோது வந்த பயம் இதுவரை பட்ட பயத்தைப் போல இல்லை. அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. டி.எஸ்.பி.யின் செல்போனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை எடுத்தார், கொட்டுச் சத்தமும் வேட்டுச் சத்தமுமாக ஒன்றும் கேட்கவில்லை, "யாருய்யா? கேக்கல, தேர் கெளம்புது, வர லேட்டாகும், மைக்ல சொல்லு" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். மைக் என்றால் வயர்லெஸ். மைக்கில் சொன்னால் மாவட்டத்தில் உள்ள அத்தனை ஸ்டேஷனும், அத்தனை ஜீப்பும் கேட்கும். தங்கபுஷ்பத்தின் ஸ்டேஷனும் கேட்கும். பால்துரையோடு வேலை பார்த்தவர்களும் கேட்பார்கள். பக்கத்துக் கட்டடத்தில்தான் கண்ட்ரோல் ரூம். கொம்பையா தொப்பியை மறந்துவிட்டு ஓடினார். ஐம்பத்துமூன்று வயசில் ஓடுவது அவ்வளவு அழகாக இருக்காது. மைதானத்தில் அணிவகுப்புப் பழகிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ட்ரோல் ரூமில் மைக்கின் முன்னால் இருந்த பெண் காவலர் எமில்டா, அவர் மூச்சிரைப்பதைப் பார்த்து எழுந்துவிட்டாள். "என்னாச்சு ஏட்டையா?"

"தேருக்குப் போன நாலு பழைய பிஸ்டலையும் உடனே இடுப்புலருந்து கழட்டி, வண்டில வச்சுப் பூட்டச் சொல்லு. அவியளுக்கு வேற ஆயுதம் அனுப்பச் சொல்லு. சீக்கிரம் சொல்லு."

அவள் சொன்னாள். மைக்கில் கொஞ்சம் கரகரப்பு. பிறகு யாரோ ஒரு அதிகாரியின் குரல் எரிச்சலோடு வந்தது. எமில்டா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "காரணம் கேக்காவ ஏட்டையா. காரணமில்லாம எப்படிக் கழட்டுறதுங்காவ."

"கொண்டா" என்று மைக்கை அவரே வாங்கிக்கொண்டார். எட்டு மாதம் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாத தொண்டைதான் அது. பொத்தானை அழுத்தினார். "ஆர்மரர் கொம்பையா பேசுதேன். அந்த நாலு பிஸ்டல்லயும் கொக்கி போயிருக்கும். ஒரு ரவுண்டுக்கு மேல நம்ப முடியாது. சூளையில மாட்டிக்கிட்டதும் இதே கோளாறுதான். அது தங்கபுஷ்பம் அம்மா தப்பு இல்ல. டம்மியைத் தப்பாப் போட்டுப் போட்டு சோதிச்சு, ஆறு வருசமா கெடுத்தது நான்தான். ஓவர்."

எமில்டா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு தெற்கு ரத வீதியிலிருந்து ஒரு குரல், கழற்றிவிட்டேன் என்றது. மேற்கிலிருந்து ஒன்று, அதன்பின் ஒன்று. கொம்பையா விரல்விட்டு எண்ணினார். மூன்று. நாலாவது ஆள், எஸ்.ஐ. அருமைநாயகம். தேருக்குப் பக்கத்திலேயே, வடத்தடியில் நிற்பவர். எமில்டா இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்கு, கொட்டுச் சத்தத்தின் நடுவே அவர் குரல் வந்தது, நிதானமாக, கொஞ்சம் சிரிப்போடுகூட.

"கொம்பையா, நான்தான். இங்க கூட்டத்துல வெறும் இடுப்போட நிக்கச் சொல்லுதியாய்யா? இதை விடியக்காலம் நீதானப்பா என் கண்ணு முன்னாலயே பாத்துத் தந்த? நீ பாத்துத் தந்தா சரியாத்தான் இருக்கும். ஓவர்."

"நான் பாத்துத் தந்ததுனாலதான்யா சொல்லுதேன்" என்றார் கொம்பையா. "கழட்டிருங்க. ஓவர்."